எந்த இடத்தில்?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பெரியப்பாவிடம் கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டால் இரண்டே பதில்கள்தான் வரும். "நன்றாக இருந்தது" என்றால், பாடியவர் மனம் புண்பட வேண்டாம் என்று பொருள். "பரவாயில்லை" என்றால், அதே வித்வான் அடுத்து எந்த ஊரில் பாடுகிறார் என்று அதற்குள் விசாரித்து வைத்துவிட்டார் என்று பொருள். கும்பகோணத்தில் அவர் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு இந்த அகராதி பிடிபடவே ஒரு வருடம் ஆயிற்று.

1987இல், இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். வெளிவந்து ஓராண்டு ஆகியிருந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட பத்து உருப்படிகள், வயலின் வி.எஸ்.நரசிம்மன். சினிமா இல்லை, பாடல் வரி இல்லை.

அதுவரை எனக்கு கேசட் என்றால் ரெக்கார்டிங் சென்டர்தான். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, அறுபது நிமிடக் காலி கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டு வந்தால், பக்கத்துக்கு ஆறேழு பாட்டு பதிந்து வைத்திருப்பார்கள். பிடித்த பாட்டு உள்ளே, பிடிக்காதது வெளியே. ஓர் இசைத்தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை கேட்டு எடை போடும் பழக்கம் எங்கள் தலைமுறையில் பலருக்கும் வாய்க்காமல் போனதற்கு அந்தக் கடைக்காரர்களும் ஒரு காரணம் என்பேன். கேட்ட பாட்டைக்கூட அதன் படத்தையும் கதாநாயகனையும் வைத்தே கட்சி கட்டினோம். இந்த கேசட்டில் கட்சி கட்ட எதுவுமே இல்லை. காது மட்டும்தான்.

பெரியப்பா இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். "நன்றாக இருந்தது" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு வயதாகிவிட்டது, காது பழைய சபாவிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றேன். இதே இசையை வேறொருவர் பெயர் போட்டுக் கொடுத்திருந்தால் நீ திரும்பிப் பார்த்திருப்பாயா என்றார் அவர். மூன்று நாள் இப்படியே போயிற்று. இப்போது யோசித்தால், அந்த மூன்று நாளும் இருவரும் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்னைப் பற்றிப் பேசினார், நான் அவரைப் பற்றிப் பேசினேன்.

நான்காம் நாள் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எந்த இடத்தில் உனக்குப் பிடித்திருக்கிறது? போட்டுக் காட்டு" என்றார்.

நாடாவைப் பின்னுக்கு ஓட்டி 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியை வைத்தேன். தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்டிட்டாவின், அதாவது பல பகுதிகள் கோத்த இசைக்கோவையின், தொடக்கப் பகுதி அதில் வருகிறது. மூச்சு வாங்க இடமே கொடுக்காத ஓட்டம். பெரியப்பாவின் கை தன்னிச்சையாகத் தொடைக்குப் போயிற்று. மூன்று மூன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "ரூபக தாளம் போட்டால் உட்கார்கிறதே" என்றார், யாரோ தெரிந்தவரைச் சந்தையில் பார்த்துவிட்டதுபோல. அப்புறம் கையை உயர்த்தினார். "நிறுத்து. ஒவ்வொரு ஸ்வரமும் பந்தல்கால் மாதிரி நட்டபடி நிற்கிறது பார். ஒன்றாவது அசைகிறதா? அசையாத ஸ்வரத்தில் எனக்கு என்ன இருக்கிறது?"

நான் வாயடைத்துப் போனேன். எனக்குப் பிடித்ததே அதுதான்.

நம் சங்கீதத்தில் ஸ்வரம் தனியாக நிற்காது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம்தான் அதற்கு உயிர். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்காமல் வாசித்தால் அது தோடியே இல்லை. பாக்கின் வழி வேறு. இரண்டு மூன்று இழைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவை சந்திக்கும் இடங்களில் சுகம் காட்டும் கலை அது. ஓர் இழையில் ஸ்வரம் ஊசலாடினால் மற்ற இழையோடு அது பொருந்தாது, சந்திப்பு கலங்கிவிடும். பந்தல்கால் ஆடாமல் நின்றால்தான் பந்தல். ஆக, அந்த கேசட்டில் என்ன இருக்கிறது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. இருவருக்கும் ஒன்றுதான் கேட்டிருக்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் பிரிந்தோம்.

இருவருக்கும் ஒன்றுதான் கேட்டது என்று சொல்ல முடிந்ததற்கு, நாங்கள் ஒரே டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது ஒரு காரணம். எல்லாச் சண்டைகளிலும் அப்படி அமைவதில்லை. 1967 ஜூனில் பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டை உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் விமர்சகர் அதைக் கடுமையாகக் குறை சொன்னார். ஜோடனை அதிகம், சரக்கு குறைவு என்பது அவர் கட்சி. கடைசிப் பாட்டான 'எ டே இன் த லைஃப்' ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டினார். வாசகர்களின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அன்று தம் வீட்டு ஸ்டீரியோவில் கோளாறு இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அக்கால ஸ்டீரியோத் தட்டுகளில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் பிரித்து வைப்பது வழக்கம். ஒரு பக்கம் சரியாகப் பேசாவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும். இதில் இன்னொரு வேடிக்கை: பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து கவனமாகக் கலந்தது, பக்கம் பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோ பதிப்பைத்தான்; ஸ்டீரியோவை ஒலிப்பதிவாளர்களிடம் விட்டுவிட்டார்கள். அப்படியானால் கோல்ட்ஸ்டைனைத் திட்டிக் கடிதம் எழுதியவர்களில் எத்தனை பேர் 'சரியான' தட்டைக் கேட்டார்கள்?

ஆனாலும் எனக்குக் கோல்ட்ஸ்டைன் மேல் மதிப்பு உண்டு. எந்தப் பாட்டு தேறியது, எது தேறவில்லை என்று இடம் சுட்டிப் பேசினார். வெறும் மதிப்பெண் போட்டுவிட்டு நழுவவில்லை. மதிப்பெண் என்றதும் விகடன் நினைவு வருகிறது; '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கொடுத்தார்கள். அந்த அரை மதிப்பெண்ணை எந்தக் காட்சிக்குக் கொடுத்திருப்பார்கள் என்று இன்றும் யோசிப்பதுண்டு. அங்கேயாவது பக்கம் நிறைய விமர்சனமும் இருக்கும். இன்று ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று ஒருவர் சொல்லும்போது, நான் மறுத்துப் பேச நினைத்தாலும் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

பெரியப்பாவோடு அதற்குப் பிறகும் சண்டை போட்டிருக்கிறேன். அடுத்த வருடம் 'நத்திங் பட் விண்ட்' வந்தபோது ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் அசைய வேண்டிய இடத்தில் அசைந்தது. எங்களுக்குள் சமாதானம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அது தனிக் கதை, நேரம் போதாது.

அந்தப் பழைய கேசட்டை அவர் எனக்குத் திருப்பித் தரவே இல்லை. அவர் காலமான பிறகு அலமாரியை ஒழித்தபோதுதான் கைக்குக் கிடைத்தது. நாடா சுற்றப் பயன்படுத்திய பென்சிலும் ரப்பர் பேண்ட் போட்டுக் கூடவே இருந்தது. உறைக்குள் இருந்த அட்டையைப் பிரித்தால், அதே பென்சிலால் ஓர் உருப்படிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்திருந்தார். 'டோன்ட் கம்பேர்', அதாவது 'ஒப்பிடாதே', என்ற தலைப்புக்கு நேரே: பரவாயில்லை.

எந்த இடத்தில் என்று எழுதவில்லை. முழுவதையும் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

வணக்கம்.