வாயேஜரும் வராந்தா மூட்டைகளும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, என்னை அழைத்த நூலகர் அவர்களே, உடம்புக்கு முடியாதபோதும் கைத்தடி ஊன்றி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் போட்டுத் தந்த தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள், அதற்குத் தனி நன்றி.

வாயேஜர் விண்கலம், மலேரியா தடுப்பூசி, நிலாவின் மறுபக்கத்து மண் என்று மூன்று செய்திகள் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். சரி, முதலில் வாயேஜர்.

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பார் என் பாட்டி. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வாயேஜர் 1 புறப்பட்டது 1977 செப்டம்பர் 5 அன்று. வியாழனைப் பார்த்தது, சனியைப் பார்த்தது, 2012-இல் சூரியனிலிருந்து வீசும் துகள்களான சூரியக் காற்றின் எல்லையையும் தாண்டிப் போனது. 2023 நவம்பரில் திடீரென்று அதன் பேச்சு குழறிவிட்டது. சிக்னல் வருகிறது, ஒன்றும் புரியவில்லை. பக்கவாதம் வந்த பெரியவர் வாயசைக்க, சுற்றி நிற்கும் வீட்டார் தவிப்பார்களே, அந்தத் தவிப்பு.

தூரமோ அப்போது 2,400 கோடி கிலோமீட்டர். ஒளி வேகத்தில் போகும் கட்டளை சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். இன்று காலை எட்டு மணிக்கு 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால், நாளை மறுநாள் விடியற்காலையில்தான் 'ஆச்சு' என்று பதில் வரும்! மெக்கானிக்கை அனுப்ப முடியுமா? அதைக் கட்டியவர்களில் பலர் இன்று உயிரோடும் இல்லை.

கலிபோர்னியாவில் வாயேஜரை இயக்கும் நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தார் என்ன செய்தார்கள்? பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைத் தோண்டி எடுத்துப் படித்தார்கள். எந்தப் புண்ணியவான்களோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தவை. சிறு துரும்பும் பல் குத்த உதவும்!

கோளாறு ஒரே ஒரு சிப்பில். அதிலிருந்த நிரலை, அதாவது கணினி புரோகிராமை, மொத்தமாக வைக்க வேறெங்கும் இடமில்லை. துண்டு துண்டாக்கி, நினைவகத்தில் கிடைத்த சந்துகளில் எல்லாம் வைத்தார்கள். 2024 ஏப்ரல் 18-இல் கட்டளை போனது. 20-ஆம் தேதி, ஐந்து மாதம் கழித்து, புரிகிற பேச்சு வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நம் நூலக வராந்தாவுக்கு வருவோம். அங்கே எடைக்குப் போடக் கட்டி வைத்த ஏழு சாக்கு மூட்டைகளை நேற்று பிரித்துப் பார்த்தேன். பைண்டு செய்த அறிவியல் மாத இதழ்கள். அவற்றின் அடியில், நம் ஐயா பள்ளிக்கூட மழைமானியைப் பார்த்து நாள்தோறும் எழுதிய நோட்டுகள், பத்தொன்பது ஆண்டுக் கணக்கு! பழைய கப்பல்களில் கையால் எழுதிய வானிலைக் குறிப்பேடுகளைத் தேடிப் படியெடுத்து, பருவநிலை ஆய்வுக்கு இன்று பயன்படுத்துகிறார்கள். நாம் கிலோ கணக்கில் விற்கப் போகிறோமா? சிறு துரும்பே பல் குத்த உதவும் என்றால், இது துரும்பா?

நேரமாகிவிட்டது. தடுப்பூசியை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். நிலா மண்ணை 2024 ஜூனில் சீனாவின் சாங்கே 6 விண்கலம் கொண்டுவந்தது, 1,935 கிராம், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் அம்மா, எங்களுக்கு ஓர் இரும்பு அலமாரி வேண்டும். அது வரும்வரை மூட்டைகளை யாரும் தொட வேண்டாம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் வராந்தாவில் இருப்பேன். வருகிறவர்கள் தூசி தட்ட ஒரு பழைய துணி கொண்டு வாருங்கள்.