அடுக்குப் பாவாடையும் அத்தையின் கத்தரிக்கோலும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் தையல்காரி. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபிறகு நம்முடைய மொரீசியஸில் எத்தனை தையல் தொழிற்சாலைகள் முளைத்தன, எத்தனை வீட்டுப் பெண்கள் விடியற்காலை பஸ் பிடித்து ஓடினார்கள் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நானும் பதினெட்டு வயதில் ஓடினேன். பன்னிரண்டு வருஷம் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கீழ் விளிம்பு மடித்து அடிப்பது. ஒரு முழு கவுன் நான் தைத்ததில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை விளிம்பு, விளிம்பு, விளிம்பு. அதனால் இன்றைக்கும் எதிரே ஒருத்தி வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாவாடை எங்கே முடிகிறது என்றுதான் கண் போகும். கெட்ட பழக்கம்தான். இப்போது ரோஸ்ஹில்லில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பேச வந்தது ‘போஹோ’ பற்றி. போஹீமியன் என்பதன் சுருக்கம். அடுக்கடுக்கான நீளப் பாவாடை, மணி மாதிரி விரிந்த சட்டைக் கை, கொக்கி ஊசியால் பின்னின குரோஷே மேல்சட்டை, குஞ்சம், பாசிமணி, இப்படி. இருபது வருஷத்துக்கு முன்னால், 2004, 2005 வாக்கில் லண்டன்காரிகள் இதைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் அடங்கிப்போச்சு. 2024இல் பாரிஸில் குளோயே என்கிற பெரிய கம்பெனி மறுபடி மேடை ஏற்றியது. அந்தப் படங்களை என் அண்ணன் மகள் போனில் காட்டினாள். எல்லாமே காற்றில் பறக்கிறது. “ரொம்ப அழகா இருக்குடி, ஆனா இந்தப் பொண்ணுங்க யாரும் பஸ்ல ஏறமாட்டாங்க போல”ன்னேன்.

பேர் எப்படி வந்தது தெரியுமா? பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டில் இருக்கிற ஒரு பகுதி. ஊர் ஊராகப் போகிற ரோமா மக்கள் அங்கிருந்துதான் வந்தார்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்து, அவர்களுக்கு ‘பொஹேமியன்’ என்று பேர் வைத்தார்கள். பிறகு பாரிஸில் கையில் காசில்லாமல் இஷ்டப்படி வாழ்ந்த ஓவியர்கள், எழுத்தாளர்களுக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. 1960களில் ஹிப்பிகள் தரைவழியாக இந்தியா போய், அச்சு போட்ட பருத்தித் துணியும் கண்ணாடி வேலைப்பாடும் வாங்கித் திரும்பினார்கள். அதுவும் இதில் சேர்ந்துவிட்டது. நம்ம மாங்காய் டிசைனையே பாருங்கள். காஷ்மீர் சால்வையைப் பார்த்து அதே மாதிரி நெய்த ஸ்காட்லாந்து ஊர் பெய்ஸ்லி. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த மாங்காய்க்கு அந்த ஊர்ப் பேர்தான்! இதைச் சொன்னால் எங்கள் பாட்டிக்குக் கோபம் வரும்.

பாட்டி என்றதும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வருகிறது. வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகள் உள்ளே வந்தாள். மூன்று அடுக்குப் பூப்போட்ட பாவாடை. மேலே வேறு ஒரு பூப்போட்ட சட்டை, விரிந்த கை. அதற்கு மேலே குஞ்சம் தொங்குகிற கையில்லாக் கோட்டு. கழுத்தில் நாலு சரம். நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. கணுக்காலில் சலங்கை வேறு. பாட்டிக்குத் தொண்ணூறு வயது, கண் பார்வை மட்டும் கழுகு. மேலும் கீழும் பார்த்தாள். “ஏன்டியம்மா, தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ளயே காவடி கட்டிட்டியா?” என்று கேட்டாள்.

நாங்கள் சிரிக்கவில்லை. அதாவது, சிரிக்காமல் இருக்கப் பார்த்தோம். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் நேரே என் அறைக்கு வந்தாள். “அத்தே, நெஜமாவே அசிங்கமா இருக்கா?” என்றாள். “இல்லடா, ஒவ்வொண்ணும் தனித்தனியா அழகாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் ஒரே நேரத்துல பேசுது” என்றேன். ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து பேசினால் யார் பேச்சு காதில் விழும்? பாவாடை பேசட்டும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். குஞ்சக் கோட்டைக் கழற்றினாள். நாலு சரத்தில் மூன்றைக் கழற்றினாள். பூச்சட்டைக்குப் பதிலாக என் பீரோவிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் மட்டும் பாவாடைக்குள் சொருகச் சொன்னேன். இடுப்பு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பாவாடை மட்டும் இன்னும் சரியில்லை. கேளுங்கள், இதுதான் என் விஷயம். இன்டர்நெட்டில் வாங்கியது. நான் டேப் எடுத்து அளந்தேன். இடுப்பு எண்பது சென்டிமீட்டர். ஒவ்வொரு அடுக்கையும் மேலே உள்ளதைப்போல இரண்டு மடங்கு வைத்துச் சுருக்கியிருந்தார்கள். எண்பது, 160 ஆச்சு. 160, 320 ஆச்சு. கடைசி அடுக்கு 640! ஆறு மீட்டர் நாற்பது. ஒரு புடவையே ஐந்தரை மீட்டர்தானய்யா! அத்தனை துணியையும் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை வெயிலில் போர்ட் லூயிஸ் போய் வேலை பார்க்கணும்.

ஒன்றரை மடங்கு போதும். மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்றரை மடங்கு. எண்பது, 120, 180, 270. நடக்கும்போது அசையும், நின்றால் அடங்கும். நம்ம சேகா ஆட்டக்காரிகள் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சுற்றுகிறார்கள், அதற்கு நிறையத் துணி வேண்டும். அது ஆடுகிற பாவாடை. நீங்கள் ஒரு கையில் காய்கறிக் கூடையும் இன்னொரு கையில் குடையும் வைத்திருப்பீர்கள்.

அடுத்தது, இடுப்புச் சுருக்குக்குக் கீழே முதல் சுருக்கு எங்கே விழுகிறது என்பது. நம்மில் பெரும்பாலோருக்கு இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழேதான் உடம்பு அதிக அகலம். கையை வைத்துப் பாருங்கள், யாரும் பார்க்கவில்லை. அந்தச் சாண் முடிகிற இடத்திலேயே சுருக்கு விழுந்தால் இருக்கிற அகலத்துக்கு மேல் இன்னொரு அகலம் கட்டினமாதிரி. சாண் தாண்டி நாலு விரல் கீழே விழட்டும். அந்தப் பாவாடையை நான் முழுக்கப் பிரித்தேன். இரண்டு ராத்திரி ஆச்சு. துணி ஓரம் பிரியாமலிருக்கப் பின்னி அடிக்கிற ஓவர்லாக் தையலைப் பிரித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மிஞ்சின துணியில் பாட்டிக்கு இரண்டு தலையணை உறை தைத்தேன். “இந்தப் பூ நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்!

இடையில் ஒன்று. நம்ம கிரியோல் பேச்சில் பாவாடைக்கு ‘ஸிப்’ என்கிறோம் இல்லையா? சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடம், “உன் ஸிப் ரொம்ப அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் முதுகைத் தடவிப் பார்த்தாள், பல்வரிசை ஸிப் திறந்துகிடக்கிறதோ என்று.

சரி, கை. மணி மாதிரி விரிந்த கை மணிக்கட்டில் முடிந்தால், கையைத் தொங்கவிடும்போது அந்த விரிவு சரியாகப் போய் உட்காருகிற இடம் இடுப்புக்கு அதே ஒரு சாண் கீழே. அங்கே நமக்கு இன்னும் அகலம் வேண்டுமா? முழங்கைக்குச் சற்றுக் கீழே முடியட்டும். ரசத்திலும் தோயாது. காஸ் அடுப்புக்கு முன்னால் மட்டும் விரிந்த கையோடு நிற்கவே நிற்காதீர்கள், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

குள்ளமானவர்கள் நீளப் பாவாடை போடலாமா என்று என்னிடம் வாரத்துக்கு ஒருத்தியாவது கேட்கிறாள். தாராளமாகப் போடலாம். பாதி ஆடுசதையில் முடிகிற பாவாடைதான் குள்ளமாகக் காட்டும். கால் எங்கே பருமனோ அங்கே கோடு போட்ட மாதிரி நிற்கும். ஒன்று முட்டிக்குக் கீழே நிறுத்துங்கள், இல்லை கணுக்கால் வரை இறக்குங்கள். எந்தச் செருப்பு போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு வந்து அளவு கொடுங்கள். தட்டைச் செருப்பில் அளவு கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குக் குதிகால் செருப்போடு போய், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிஷமா, இரண்டு வாக்கியமா தெரியவில்லை. ஆபீஸுக்கு எப்படிப் போடுவது, ஐம்பது வயதுக்கு மேல் எப்படிப் போடுவது என்று இரண்டு பக்கம் எழுதி வந்தேன். வேகமாகச் சொல்கிறேன். ஆபீஸுக்கு எம்பிராய்டரி சட்டை ஒன்று, கீழே அளவெடுத்துத் தைத்த மாதிரி நிற்கிற சாதா பேண்ட், அவ்வளவுதான். ஐம்பதுக்கு மேலே குரோஷேயை விட்டுவிட்டு நல்ல அச்சுத் துணிக்குப் போங்கள். காதில் தோடு பெரிசா தொங்கினால் கழுத்து காலியாக இருக்கட்டும். கியூர்பீப் பக்கம் இருக்கிறவர்கள் பாவாடை தரையைத் தொட விடாதீர்கள், அங்கே மழை எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

வியாழக்கிழமை காத்ர்போர்ன் சந்தைக்குத் துணி வாங்கப் போகிறவர்கள், விஸ்கோஸ் துணியாக இருந்தால் தைக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே ஒரு தடவை நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்கும். அரை மீட்டர் கூடவே வாங்குங்கள். சாயத் துணியை முதல் இரண்டு தடவை தனியாக அலசி, நிழலில்... சரி தம்பி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.