கிரினோலினைக் கழற்றி வைத்த பெண்

எல்லாருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரக்கிறது. பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். லண்டனில் ஒரு பிரபு வீட்டு மாளிகை. நடுராத்திரி. வீட்டு எஜமானி ஆண்வேடம் போட்டுக்கொண்டு நிலவறைக்கு வந்து, தரையில் இருக்கிற ஒரு துவாரத்துக்குள் இறங்கி மறைகிறாள். அவளை வேவு பார்த்து வந்த இன்னொரு பெண்ணும் இறங்கப் பார்க்கிறார். முடியவில்லை. கோழிக்கூண்டு மாதிரி விரிந்து நிற்கிற கிரினோலின் பாவாடை துவாரத்துக்குள் நுழையாது. அவர் யோசிக்கவே இல்லை. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்.

1864இல் லண்டனில் அச்சான கதை இது. அந்தப் பெண் மிஸஸ் பாஸ்கல். வயது நாற்பதை நெருங்குகிறது. கணவர் திடீரென்று இறந்துபோக, கையில் காசில்லாமல் போலீஸுக்கு உளவு பார்க்கும் வேலைக்கு வந்தவர். விதவை. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

விக்டோரியா ராணி காலத்தில் நடப்பதாக எழுதப்படும் ‘கோஸி மிஸ்டரி’ நாவல்களை உங்களில் பலர் படிப்பீர்கள். போர்வையை இழுத்துக்கொண்டு, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற ரகம். கொலை நடக்கும், ஆனால் ரத்தம் நம் மேல் தெறிக்காது. துப்பறிகிறவள் போலீஸ்காரி இல்லை, ஒரு குடும்பத்துப் பெண். இப்படிப்பட்டவர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போனபோது எனக்கு ஒன்று உறைத்தது: இவர்களில் எத்தனை பேர் விதவைகள்! டாஷா அலெக்சாண்டரின் எமிலி, டியானா ரேபர்னின் ஜூலியா, இருவருமே முதல் புத்தகத்திலேயே கணவனை இழந்தவர்கள். எழுத்தாளர்களுக்கு ஏன் கணவன்மார் மேல் இத்தனை கோபம்?

கோபம் இல்லை, சட்டம். அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமாகாத நல்ல குடும்பத்துப் பெண் துணையில்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது. கல்யாணமானால் துணை கிடைக்கும், சொத்து போய்விடும். அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. 1870இல் வந்த சட்டம் பெரும்பாலும் அவள் சம்பாத்தியத்தைத்தான் அவளிடம் விட்டது. சொத்து முழுவதையும் அவள் பெயரிலேயே வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விதவைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வீடு அவளுடையது, வண்டி அவளுடையது. எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் கிடையாது. விதவை என்றதும் நம் பக்கத்தில் மனத்துக்கு வருவது வீட்டின் பின்கட்டு. இங்கிலாந்தில் கதை வேறு. ஆனால் காசுள்ள விதவைக்குத்தான் இதெல்லாம், அதையும் சொல்லிவிட வேண்டும். காசில்லாதவள் ‘வொர்க்ஹவுஸ்’ என்கிற ஏழைகள் விடுதிக்குப் போனாள்.

கல்யாணமே செய்துகொள்ளாத, கையில் காசுள்ள நடுவயதுக்காரி என்ற வழியும் உண்டு. 1897இல் அமெரிக்காவில் அன்னா காதரின் கிரீன் படைத்த அமீலியா பட்டர்வொர்த் அப்படிப்பட்டவர். பக்கத்து வீட்டு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்!

சரி, துக்க உடைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்தார். ராணி 1901இல் தான் சாகும்வரை கறுப்பை விடவில்லை. ஊரே அதைப் பார்த்து நடந்தது. விதவை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் மினுமினுப்பே இல்லாத கிரேப் துணி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கடைசியில் சாம்பல் நிறம், இளம் ஊதா. நகை போட்டால் விட்பி ஊர்க் கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்ற கருமணி. லண்டன் ரீஜன்ட் தெருவில் துக்க உடைக்கென்றே 1841இல் ஒரு பெரிய கடை திறந்தார்கள். இதில் துப்பறிகிறவளுக்கு என்ன லாபம்? முகத்திரை! திரை போட்ட விதவையிடம் யாரும் முகத்தைக் காட்டு என்று கேட்கமாட்டார்கள். அடகுக்கடைக்கோ, வக்கீல் அலுவலகத்துக்கோ தாராளமாகப் போய் வரலாம். ஆபத்தும் அதே துணியில்தான். கிரேப் மழையில் நனைந்தால் சுருங்கிப் பாழாகிவிடும். வீட்டை விட்டு நகரவே இல்லை என்று சொல்கிறவளின் முகத்திரை சுருங்கிக் கிடந்தால் அவள் எங்கேயோ போயிருக்கிறாள். இதைக் கவனிக்க இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா?

அந்த இன்ஸ்பெக்டர் கதையையும் சொல்கிறேன். 1842இல் லண்டன் போலீஸில் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது மொத்தம் 8 பேர், அத்தனையும் ஆண்கள். அவர்களில் கெட்டிக்காரர் ஜோனதன் விச்சர். 1860இல் வில்ட்ஷயரில் ரோடு ஹில் என்ற வீட்டில் நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். உள்ளூர் போலீஸ் முதலில் கைவைத்தது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் மேல். விச்சர் வந்தார், சலவைக் கணக்கைப் பார்த்தார். வீட்டுப் பெண் கான்ஸ்டன்ஸின் மூன்று இரவு உடைகளில் ஒன்றைக் காணோம். 16 வயது. இவள்தான் என்றார். கௌரவமான குடும்பத்துப் பெண்ணின் உள்ளாடையைப் பற்றி ஒரு போலீஸ்காரன் பேசுவதா என்று நாடே அவர் மேல் பாய்ந்தது. வழக்கு நிற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து கான்ஸ்டன்ஸ் தானே ஒப்புக்கொண்டாள். கோஸி நாவல்காரர்கள் பிழைப்பு நடத்துவது இந்த இடைவெளியில்தான். சலவைக்கூடை பற்றி ஒரு சீமாட்டி விசாரித்தால் யாருக்கும் உறுத்தாது.

ஆனால் அவளுக்கும் கடிகாரம் உண்டு. மிஸஸ் பீட்டன் 1861இல் வெளியிட்ட இல்லற நூலில், மரியாதைக்காகப் பார்க்கப் போனால் 15 முதல் 20 நிமிடம் போதும், சால்வையையும் தொப்பியையும் கழற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அதற்குள் வானிலை பேசி, உடல்நலம் பேசி, நடுவில் செத்தவனைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும். நல்ல எழுத்தாளர் கையில் இந்தக் கால் மணி நேரம் வாள்சண்டை மாதிரி இருக்கும். மோசமானவர் கையில், கதாநாயகி சோபாவில் சாய்ந்துகொண்டு பெண்ணுரிமைச் சொற்பொழிவு ஆற்றுவாள். 1880இல் அப்படிப் பேசினால் அடுத்த முறை கதவு திறக்காது. அந்தப் புத்தகங்களை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

விஷத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1851இல் ஆர்சனிக் விற்பனைக்குச் சட்டம் போட்டார்கள். வாங்குகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், கொஞ்சமாக விற்றால் கரியோ நீலச் சாயமோ கலக்க வேண்டும். அந்த மசோதாவில், பெண்களுக்கு விற்கவே கூடாது என்றும் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் கண்டித்து எழுதிய பிறகுதான் அது போயிற்று.

நிஜத்தில் அந்தக் காலத்து வீடுகளில் துப்பறிந்த பெண் யார் என்று கேட்டால், நான் சீமாட்டியைச் சொல்லமாட்டேன். 1889, லிவர்பூல். ஜேம்ஸ் மேப்ரிக் என்ற பருத்தி வியாபாரி படுத்த படுக்கையானார். அவர் மனைவி ஃபிளாரன்ஸ் ஈ கொல்லும் தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்திருந்ததை முதலில் பார்த்தது வீட்டு வேலைக்காரி. முகப்பூச்சுக்காக என்றார் ஃபிளாரன்ஸ். அந்தத் தாளில் ஆர்சனிக் இருக்கும். பிறகு, குழந்தைகளின் தாதி ஆலிஸ் யாப் கையில் ஃபிளாரன்ஸ் தன் காதலனுக்கு எழுதிய கடிதம் சிக்கியது. தபாலில் போடக் கொடுத்த கடிதம். அதை அவள் பிரித்துப் படித்துவிட்டு, மேப்ரிக்கின் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். மேப்ரிக் இறந்தார், ஃபிளாரன்ஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஆனால் மேப்ரிக் தானாகவே மருந்து என்று ஆர்சனிக் தின்று பழகியவர். செத்தது அதனாலா, மனைவியாலா என்று அப்போதே டாக்டர்கள் அடித்துக்கொண்டார்கள். தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1904இல்தான் அவர் வெளியே வந்தார்.

கடிதத்தை ஏன் பிரித்தாய் என்று ஆலிஸிடம் நீதிமன்றத்தில் கேட்டார்கள். குழந்தை அதைச் சேற்றில் போட்டுவிட்டது, உறையை மாற்றலாம் என்று பிரித்தேன் என்றாள். ஃபிளாரன்ஸின் வக்கீல் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரச் சேற்றில் விழுந்திருந்தால் மை கலைந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்.