சூடு பட்டா உறையுற ஜெல்லி!

[திரையில்: பச்சை அகார் அகார் துண்டு ஆடுகிறது]

அம்மா கிண்டுற அகார் அகார் (கடல்பாசி ஜெல்லி) ஆறினா உறையும், அடுப்புல வெச்சா உருகும். இன்னைக்குப் பார்க்கப்போற ஜெல்லி நேர்மாறு! ஃப்ரிட்ஜுல தண்ணி, உடம்புச் சூடு பட்டா கெட்டி. அதைக் கண்ணுக்குள்ளயே ஏத்திப் பார்த்திருக்காங்க. இருங்க, ஓடாதீங்க!

ஜெல்னா பாலிமர் (நீளச் சங்கிலி மாதிரி மூலக்கூறு) இழைகள் வலையா பின்னித் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கிறது. அவ்வளவுதான்.

அகார் பத்தி மட்டும் ஒன்னு சொல்லியே ஆகணும். 1881 வாக்குல கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் ஆய்வுக்கூடத்துல ஜெலட்டின்லதான் கிருமி வளர்ப்பாங்க. 37 டிகிரியில வெச்சா உருகி வழிஞ்சிடும். அங்க வேலை செஞ்சவரோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜெல்லிக்குப் போடுற அகாரைப் போடச் சொன்னாங்க. ஜாவாவுல இருந்துட்டு வந்தவங்ககிட்ட கத்துக்கிட்ட சமையல், நம்ம பக்கத்து வீட்டுச் சரக்கு! அகார் 40 டிகிரிக்குக் கீழ உறைஞ்சா, திரும்ப உருக 85 கேட்கும்.

சரி, நேர்மாறு ஜெல்லி.

[திரையில்: சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு, மழை]

மழை கொட்டுது. குடை உள்ளவங்க வெளிப்பக்கம், இல்லாதவங்க நடுவுல, யாரும் சொல்லாமலே ஒண்டிக்கிறாங்க. (நிஜத்துல நம்மாளுங்க அஞ்சடிக்குத்தான், அதாவது கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதைக்குத்தான் ஓடுவாங்க, விடுங்க.) இந்தப் பாலிமரும் அப்படியே: தண்ணி பிடிச்ச பகுதி வெளிய, பிடிக்காதது உள்ள. இந்தக் கும்பலுக்குப் பேரு மைசெல். சூடு ஏற ஏறத் தண்ணி மேல வெறுப்பு கூடும். கும்பலும் கும்பலும் கை கோத்து வலையாகும். யாரும் கோக்கலை, தானாவே!

இதைக் கண்ணுக்குள்ள ஏன் ஏத்தணும்? விழித்திரை கழண்டா, ஆபரேஷன் முடிச்சு, அதை இடத்துலயே பிடிச்சு வைக்கக் கண்ணுக்குள்ள வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புவாங்க. வாயுன்னா பலர் நாள்கணக்குல குப்புறக் கிடக்கணும், விமானம் ஏறக் கூடாது. எண்ணெய்னா அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். நம்ம ஏ-ஸ்டார் (சிங்கப்பூர் அரசு ஆராய்ச்சி அமைப்பு) ஆராய்ச்சியாளர்கள் அதுக்குப் பதிலா இந்த ஜெல்லை முயல், குரங்குக் கண்ணுல நிரப்பி, 2019-ல முடிவை வெளியிட்டாங்க. ஜெல் மெல்லக் கரைஞ்சு, கண்ணுல இயற்கையா இருக்கிற கூழ் மாதிரியே ஒன்னு அங்க உருவாச்சு. எனக்குப் புல்லரிச்ச இடம் இது.

அடுத்தது கலப்பு. புரதத்தோட செங்கல்லான அமினோ அமிலம் நாலஞ்சு கோத்த குட்டிப் பெப்டைடு சிலது தானாவே நானோ இழையாகும், ஆனா அழுத்தினா உதிரும். அதைப் பாலிமர் வலைக்குள்ள வளர்த்தா, மண்சுவருல வைக்கோல் பிசைஞ்ச கதை. வலை தாங்கும், இழை மருந்தைப் பிடிச்சு மெதுவா விடும்.

மருந்து ஏத்துற விதம் அடுத்த வீடியோவுல. அதுவரை, அகார் அகாருக்குப் பாண்டான் இலையா, தேங்காய்ப்பாலா? கமெண்ட்ல சண்டை போடுங்க. நான் தேங்காய்ப்பால் கட்சி.