அரிசி டிரம்முக்குள் ஒரு கவர்

(மும்பை தாராவியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஏழு மணிக்கு இதே ஹாலில் ஒரு நிச்சயதார்த்தமாம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'போராடி என்னத்தைக் கண்டோம்?' என்று தலைப்புக் கொடுத்து, ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்கள். நம் தெருவில் அந்தக் கேள்விக்குறி கிடையாது. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று டீக்கடையில் ஒருத்தர் சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் பத்துக்குப் பத்து ரூமில் ராத்திரி படுக்க இடம் வேண்டுமே, அம்மியைத் தினமும்தான் நகர்த்தினோம். விடிந்தால் அது பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்தச் சலிப்பு சும்மா வந்ததில்லை. 1982 ஜனவரி 18-இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் பஞ்சாலை மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முடிந்தது என்றுகூட யாரும் முறையாக அறிவிக்கவில்லை. மில்கள் இருந்த இடத்தில் இன்றைக்கு மால்கள் நிற்கின்றன. என் பெரியப்பா அதில் வேலை போனவர். அப்புறம் சயானில் இட்லி விற்றார். தெருவில் மோர்ச்சா, அதாவது போராட்ட ஊர்வலம் போனால் முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டுக் கழுவுவார். அவரிடம் போய் நம்பிக்கை பற்றிப் பேச எனக்கு வாய் வந்ததே இல்லை.

இப்போது ஒரு சேலத்துக்காரர் கதை. ஊரில் நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையில்லாமல் போய் 1961-இல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு மறைப்பு, அதற்கு ஒரு தாதா பிடுங்கிக்கொண்டது 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேல். அதற்குள் அவர், மனைவி, மூன்று பெண்பிள்ளைகள்.

1981 ஜூலை. மும்பை ஜூலை மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்பப் போவதாக முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். மாநகராட்சி வந்து மறைப்பைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தையே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் ஊரோடு தங்கிவிட்டார்கள். அவர் திரும்பி வந்தார். மறுபடியும் ஒரு நடைபாதை. அங்கிருந்துகொண்டு சுப்ரீம் கோர்ட்டில் மனுதாரர். இத்தனையும் தீர்ப்பிலேயே இருக்கிறது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். டெல்லிஸ் பத்திரிகையாளர், அவர் பெயர் நின்றது. நம் சேலத்துக்காரர் பெயரை உள்ளே போய்த் தேட வேண்டும்.

1985 ஜூலை 10-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான், எனவே அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்றார்கள். பொறுங்கள், கை தட்டாதீர்கள், மீதியும் இருக்கிறது. நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை, மாநகராட்சி அகற்றலாம் என்றதும் அதே தீர்ப்புத்தான். ஆனால் பொதுவாக முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும். மழைக்காலம் போகட்டும், அந்த வருஷம் அக்டோபர் 31 வரை தொடக்கூடாது. 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும்.

'கேஸ் தோத்துப்போச்சு' என்பார் டீக்கடை நண்பர். சரி, தோற்றதுதான். பிறகும் இந்த ஊரில் இடித்தார்கள். 2004-05 குளிர்காலத்தில் பல்லாயிரக்கணக்கான குடிசைகள் போயின. நோட்டீஸ் இல்லாமல் இடித்ததும் உண்டு. ஆனால் முன்பெல்லாம் லாரி வந்து நிற்பதுதான் நோட்டீஸ். இப்போது 'தாளைக் காட்டு' என்று கேட்க ஒரு வாய் இருக்கிறது. தாள் வந்தால் நாலு நாள் கிடைக்கும். அதற்குள் வக்கீலைப் பார்க்கலாம், ஸ்டே வாங்கலாம், ஒன்றும் நடக்காவிட்டால் பாத்திரத்தையாவது எடுத்து வைக்கலாம். நசுங்காமல் தப்பிய ஒரு குக்கர் ஒரு வீட்டுக்கு என்ன என்பது, மெத்தை வீட்டில் இருந்துகொண்டு 'எல்லாம் ஒண்ணுதான்' என்பவருக்குத் தெரியாது.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து விவசாயிகள் நடந்து வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆறு நாள், சுமார் 180 கிலோமீட்டர். மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை, டிராஃபிக் ஆகக்கூடாது என்று சோமையா மைதானத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆசாத் மைதானத்துக்கு நடந்தார்கள். நான் சயானில் நின்று பார்த்தேன். ஒரு கிழவியின் பாதத்தில் தோல் தனியாகத் தொங்கியது. பக்கத்தில் நின்ற பையன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான், அவளுக்கு அது பெரிதாக இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். 12-ஆம் தேதி அரசாங்கம் கோரிக்கைகளை ஏற்பதாக எழுதிக் கொடுத்தது. 2019-இல் மறுபடி கிளம்பினார்கள், 2023-இலும் கிளம்பினார்கள். 'பார்த்தியா, ஏமாத்திட்டாங்க' என்று சொல்லலாம். இரண்டாம் தடவை கிளம்பியவர்கள் கெஞ்சப் போகவில்லை, எழுதிக் கொடுத்ததைக் கேட்கப் போனார்கள்.

என் அம்மா டீக்கடைக் கட்சிதான். எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் 'அதெல்லாம் ஒண்ணும் ஆவாது' என்பாள். ஆனால் அரிசி டிரம்முக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருக்கிறாள். ரேஷன் கார்டு, குடிசைக்கு அரசாங்கம் கொடுத்த போட்டோ பாஸ், வாக்காளர் பட்டியல் நகல், கட்டின லைட் பில் அத்தனையும். 2005 வெள்ளத்தில் டி.வி.யை விட்டாள், கவரைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

போன மாதம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக சர்வேக்காரர்கள் வந்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அம்மா டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, கவரை எடுத்து, தவிட்டைத் தட்டி, 1999 லைட் பில்லை உருவிக் கொடுத்தாள். அந்தப் பையன் போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தான். "என்ன ஆவப் போவுது, போ" என்று சொல்லிக்கொண்டே பில்லை மடித்துக் கவருக்குள் வைத்தாள். வைத்தவள் நின்று, அந்தப் பையன் பேர் என்ன, எத்தனை மணிக்கு வந்தான் என்று ஒரு சீட்டில் என்னை எழுதச் சொன்னாள். அதையும் உள்ளே போட்டு டிரம்மை மூடினாள்.