டூசானிலிருந்து லெமன் மலைக்கு பைக்கில்

வணக்கம் நேயர்களே. மலைப்பாதையில் பைக் ஓட்டுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு சாலையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தை ஒட்டி எழும் மலைத்தொடரில், லெமன் மலை மீது ஏறுகிற கட்டலினா நெடுஞ்சாலை. அடிவாரத்திலிருந்து சம்மர்ஹேவன் என்ற மலைக்கிராமம் வரை சுமார் 40 கிலோமீட்டர். நிற்காமல் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நிற்காமல் போக மனசு வராது என்பது வேறு விஷயம்.

ஜூன் மாதம் டூசானில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினால் முகத்தில் அனல் அடிக்கும். இருபுறமும் பாறைச் சரிவு முழுக்க சவாரோ கள்ளி, ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில், கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் ஒரு கை முளைக்கவே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும். நாலைந்து கையோடு ஓரமாக நிற்கும் கள்ளி, இந்தச் சாலை வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும்.

சுமார் 1200 மீட்டர் உயரத்தில் கள்ளி நின்றுபோகிறது. குளிர்கால உறைபனியை அது தாங்காது. அப்புறம் புல்லும் குட்டையான ஓக் மரங்களும். 2000 மீட்டரில் விண்டி பாயிண்ட் என்ற காட்சிமுனை. பெயருக்கு ஏற்ற காற்று, பாறைத் தூண்கள், கீழே டூசான் முழுவதும். அதைத் தாண்டினால் பைன் காடு. மேலே போகப் போக மழையும் கூடுவதால்தான் பாலைவனத்தின் தலையில் இப்படி ஒரு காடு.

இதையெல்லாம் காரில் போகிறவரும் பார்ப்பார். ஆனால் ஏசி போட்ட காருக்குள் ஒரே தட்பவெப்பம்தான். உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்றில் ஆறேழு டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். பைக்கில் அது விரல் நுனியில் தெரிகிறது. நிழல் விழுந்த வளைவுக்குள் நுழைந்தால் சில்லென்று இருக்கும், அடுத்த வளைவில் வெயில் முதுகைச் சுடும். கீழே கழற்றி வைத்த ஜாக்கெட்டை மேலே போட்டு, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட வேண்டியிருக்கும். பாண்டரோசா பைன் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, வெயில் பட்ட பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா வாசனை வரும். ஐஸ்கிரீம் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்!

இந்தச் சாலையை வெட்டியவர்கள் பெரும்பாலும் கைதிகள். 1933-இல் வேலை தொடங்கி 1950-இல் முடிந்தது. அவர்களில் ஒருவர் கோர்டன் ஹிராபயாஷி, சியாட்டிலில் படித்த ஜப்பானிய அமெரிக்க மாணவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினருக்கு மட்டும் போட்ட ஊரடங்கையும் வெளியேற்ற உத்தரவையும் மீறினார். 1943-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தண்டனையை அனுபவிக்க, இந்தச் சாலையோரம் கைதிகளை வைத்திருந்த டூசான் முகாமுக்குப் போகச் சொன்ன அரசு பயணச் செலவைத் தரவில்லை. மனிதர் வழியில் போன வண்டிகளில் லிஃப்ட் கேட்டே வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் இவருடைய காகிதங்களைக் காணோம் என்று, போய்விட்டுச் சாயங்காலம் வரச் சொன்னார்களாம். அவரும் திரும்பி வந்தார்! 1987-இல்தான் தண்டனை முழுமையாக ரத்தானது. முகாம் இருந்த இடம் இன்று அவர் பெயரில் கூடாரம் போட்டுத் தங்கும் இடம். பெரும்பாலான பைக்காரர்கள் அதைக் கவனிக்காமல் மூன்றாவது கியரில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

மேலே எல்லாம் பசுமை என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். 2003 தீயில் சம்மர்ஹேவனில் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2020-இல் மின்னல் விழுந்து இன்னொரு பெருந்தீ. கரிந்த மரங்கள் குச்சியாய் நிற்கும் சரிவுகளில் இப்போது ஆஸ்பென் கன்றுகள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன.

சரி, போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டூசானிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், மலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து, இன்ஜின் இழுவையிலேயே இறங்குங்கள். நன்றி, வணக்கம்.