செய்தியில் யார் பேசுகிறார்?

வணக்கம் நேயர்களே. 'பத்திரிகையில் நம்மவர்களைக் கண்டுகொள்வதே இல்லை' என்று மலேசிய இந்தியர்கள் பேசுவது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் காதில் விழாத நாள் குறைவு. அது மெய்யா என்று பார்க்க ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எண்ணத்தான் வேண்டும்.

முதலில் நாள்களைத் தேர்வு செய்ய வேண்டும். ஒரே வாரத்தைத் தொடர்ந்து எடுத்தால், அதில் தைப்பூசம் விழுந்துவிட்டால் போச்சு. பக்கமெல்லாம் பத்துமலையாக இருக்கும். அதனால் இந்த வாரத்துத் திங்கள், அடுத்த வாரத்துச் செவ்வாய், அதற்கடுத்த வாரத்துப் புதன் என்று ஏழு வாரத்தில் ஏழு நாளைப் பொறுக்குவார்கள்.

நோட்டில் செய்திக்கு ஒரு வரி என்று எழுதாமல், ஆளுக்கு ஒரு வரி எழுதி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பெயர் வந்ததா, படம் வந்ததா, அவர் சொன்னது மேற்கோளாக வந்ததா, என்னவாக வருகிறார்? இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. நிபுணரா, பேச்சாளரா, சாட்சியா, பாதிக்கப்பட்டவரா, சந்தேக நபரா? காவடி எடுப்பவரின் படம் அரைப் பக்கத்துக்கு வரலாம். அவர் பேசிய ஒரு வரிகூட இல்லாமலும் போகலாம். படத்தை மட்டும் எண்ணியவர் 'நிறைய இடம் தந்திருக்கிறார்கள்' என்று மகிழ்ந்துவிடுவார்.

உலக அளவில் பெண்களைப் பற்றி இப்படித்தான் எண்ணி வருகிறார்கள். நாளிதழ், வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளில் இடம்பெறுவோரில் பெண்கள் 1995இல் 17 விழுக்காடு, 2020இல் 25 விழுக்காடு. கால் நூற்றாண்டில் அவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது.

எண்ணும்போது கோளாறு வரும் இடம் பெயர். பினாங்குத் தமிழ் முஸ்லிம் ஒருவரின் பெயரை வைத்து மட்டும் அவர் தமிழரா மலாய்க்காரரா என்று சொல்லிவிட முடியாது. ஊகித்து எழுதாதீர்கள். 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரே முப்பது செய்திகளை இரண்டு பேர் தனித்தனியாக நிரப்பி ஒப்பிட வேண்டும். கட்டங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால், எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற விளக்கங்களைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பெரும்பாலான கட்டங்களில் 'இல்லை' என்றே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஒத்துப்போகும். ஆகவே 'ஆம்' விழுந்த கட்டங்களைத் தனியே ஒப்பிடுங்கள்.

பிறகு, எதோடு ஒப்பிடுவது? மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. செய்தியிலும் 7 வந்துவிட்டால் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது அவசரம். அந்த ஏழும் நீதிமன்றப் பக்கத்திலேயே குவிந்திருக்கலாம். குற்றச் செய்தியில் ஒரு தரப்பைத் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள் என்று வாதாட மக்கள்தொகை உதவாது. அதே நாள்களின் நீதிமன்ற வழக்குப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எந்த இனத்தவர் கைதானால் தலைப்பில் இனம் ஏறுகிறது, யாருக்கு ஏறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சி நாடகத்தை எண்ணுவதானால் கட்டங்கள் வேறு. பாத்திரத்துக்குப் பெயர் உண்டா, தொழில் என்ன, வீடு காட்டப்பட்டதா, உச்சரிப்பே நகைச்சுவையா, ஓர் அத்தியாயத்தில் எத்தனை வரி வசனம்? மலாய் நாடகத்தை எண்ணும் இதே நோட்டில் நம் தமிழ்த் தொடர்களையும் எண்ணுங்கள். வங்காளதேசத் தொழிலாளியும் இந்தோனேசியப் பணிப்பெண்ணும் நம் கதைகளில் வருகிறார்களா, வந்தால் அவர்களுக்குப் பெயராவது இருக்கிறதா என்று அந்த முதல் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.